முதல் பதினைந்து நாள்

கேள்வி: கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். என்னிடம் இருபது வருஷம் டர்னராக இருந்து இறந்துபோனவருடைய மகன், 24 வயதில் குடிபோதைத் தகராறில் ஒருவரைக் கட்டையால் அடித்துவிட்டான், அடிபட்டவர் இறந்துபோனார். ஏழு வருஷத் தண்டனை. அடுத்த மாதம் வெளியே வருகிறான். அவன் அம்மா வந்து அழுதபோது, வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவிக்கு இஷ்டமில்லை. பட்டறையில் இரண்டு பேர், அவன் வந்தால் நாங்கள் நின்றுகொள்கிறோம் என்கிறார்கள். இன்னொன்று: நான் இருக்கும் சேவைச் சங்கம் இந்த வருஷம் கைதிகள் மறுவாழ்வுக்கு இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறது. ஜெயிலுக்குள் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு, அப்புறம் அடங்காத பள்ளிப் பையன்களைக் கூட்டிப்போய் ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்துவது என்று பேச்சு ஓடுகிறது. இதிலெல்லாம் ஆராய்ச்சி ஏதாவது சொல்கிறதா?
— பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள ஐயா,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்குப் பதில் சுலபம். பையன்களை ஜெயிலுக்குக் கூட்டிப்போகும் யோசனையை அடுத்த கூட்டத்திலேயே கைவிடச் சொல்லுங்கள். அது வீண் செலவு மட்டுமில்லை, கெடுதல்.

இது என் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ராவே சிறையில் 1970-களில் இதைத்தான் செய்தார்கள். பையன்களை ஆயுள் கைதிகள் முன்னால் உட்காரவைத்து, உள்ளே வந்தால் என்ன கதி என்று கத்தச் சொன்னார்கள். பையன்கள் வெலவெலத்துப் போனார்கள். அதைப் படம் பிடித்து டிவியில் போட்டதும் நாடே கைதட்டியது, மற்ற மாநிலங்களும் ஆரம்பித்துவிட்டன. பிறகு சில ஆராய்ச்சியாளர்கள், சீட்டுக் குலுக்குகிற மாதிரி பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் சிறைக்கு அனுப்பி, இரு பகுதியையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்படி நடந்த ஒன்பது சோதனைகளைத் திரட்டி அலசியபோது தெரிந்தது இதுதான்: போய்ப் பயந்து வந்த பையன்கள்தான் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கம் உண்டு. எனக்குப் படுவதைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையனுக்கு ஆயுள் கைதி பூச்சாண்டியாகத் தெரிவதில்லை, ஹீரோவாகத் தெரிகிறார். தவிர, பள்ளிக்கூடத்தில் உருப்படாதவர்கள் என்று பத்துப் பேரைப் பொறுக்கி ஒரே வேனில் ஏற்றினால், அந்த வேனிலேயே ஒரு செட் சேர்ந்துவிடும்.

தன்னம்பிக்கைப் பேச்சு அப்படிக் கெடுதல் இல்லை. பலனும் இல்லை. நானே சிறை நலப் பணியில் சேர்ந்த புதிதில் பேசியிருக்கிறேன். வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒருவர் தட்டினால் எல்லாரும் தட்டுவார்கள். ஒரு தடவை பேசி முடித்ததும் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறார் என்று மைக்கை நீட்டினேன். "மேடம், எம் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுவீங்களா, மூணு மாசமா மனுவுக்கு யாரும் வரல" என்றார். மனு என்றால் உறவினர் வந்து பார்ப்பது. மனு எழுதிக் கொடுத்துப் பார்ப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் முக்கால் மணி நேரம் பேசியதில் அந்த மனுஷனுக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை.

அவர் கேட்டதற்கு ஆராய்ச்சி பலமாகப் பின்னால் நிற்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை எடுத்துப் பார்த்தது. உள்ளே இருந்தபோது ஒரு தடவையாவது யாராவது வந்து பார்த்தவர்கள், யாருமே வராதவர்களைவிட மறுபடி தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு. யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் கணக்கெடுத்தார்கள். கூடப்பிறந்தவர்கள், மாமனார், மச்சான், மத குருக்கள் வந்தால் நல்ல பலன். பிரிந்துபோன பழைய மனைவி வந்தால் நேர்மாறு. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அது கணக்கு.

சரி, உங்கள் பட்டறைக்கு வருகிறேன்.

"மறுபடியும் செய்வானா?" உங்கள் வீட்டம்மா கேட்பது இதுதான், பட்டறையில் அந்த இரண்டு பேர் கேட்பதும் இதுதான். நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்காக யாரையும் ஈரமில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் துறையில் ஒரு காலத்தில் இதற்கு அவநம்பிக்கையான பதில்தான் இருந்தது. 1974-இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், சிறைச் சீர்திருத்தத் திட்டங்களையெல்லாம் அலசி, அநேகமாக எதுவும் பலன் தருவதில்லை என்று எழுதினார். அரசியல்வாதிகளுக்கு அது அல்வா மாதிரி. திட்டங்களுக்கான பணத்தை வெட்டச் சாக்குக் கிடைத்தது. 1979-இல் அவரே, அப்படி ஒட்டுமொத்தமாகச் சொன்னது தப்பு, சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று மாற்றி எழுதினார். அதை யாரும் படிக்கவில்லை. அப்புறம் கனடாவில் உளவியலாளர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்: எது, யாருக்குப் பலன் தருகிறது? அவர்கள் கண்டதில் எனக்கு இன்றைக்கும் கை கொடுப்பது ஒன்று. மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து அதிகம் உள்ளவரிடம்தான் தீவிரமான பயிற்சியும் ஆலோசனையும் எடுபடும். ஆபத்துக் குறைவானவரைப் பிடித்து அதே கும்பலோடு உட்காரவைத்து வாரம் நாலு வகுப்பு நடத்தினால், இருந்த வேலையும் குடும்பமும் குலைந்து நிலைமை மோசமாகிறது. அதனால் "மறுவாழ்வு முகாம்" என்று எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது சரியில்லை.

நீங்கள் வேலை தரப்போகும் அந்தத் தம்பி எந்தப் பக்கம் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். அடிதடிக்கு முன்னால் அவர் மேல் வழக்குகள் இருந்தனவா, அல்லது அது ஒன்றுதானா? அதற்கு முன் ஏதாவது ஒரு வேலையில் ஒரு வருஷமாவது நிலைத்திருந்தாரா? அன்றைக்குக் கூடக் குடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? உள்ளே என்ன வேலை பார்த்தார்? அம்மா எத்தனை தடவை மனுவுக்குப் போனார்? விடுப்பில் வந்தபோது சொன்ன தேதியில் திரும்பிப் போனாரா? இந்தக் கடைசிக் கேள்வி எளிமையானது, ஆனால் நிறையச் சொல்லும். சிறை நல அலுவலரிடமும் உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரிடமும் போய்ப் பேசுங்கள். வேலை கொடுக்கப்போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் அவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்; அப்படி வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

வயது உங்கள் பக்கம் இருக்கிறது. 24-இல் உள்ளே போனவர் 31-இல் வருகிறார். எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் குற்றம் இளமையில் ஏறி, முப்பதைத் தாண்டும்போது இறங்குகிறது. இதில் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. பாஸ்டன் பக்கம் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களைப் பற்றி 1940-களில் ஒரு தம்பதி சேகரித்த காகிதங்கள், ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் நிலவறையில் பெட்டி பெட்டியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. லாப், சாம்ப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, அந்தப் பையன்கள் எழுபது வயதுக் கிழவர்கள் ஆகும்வரை என்ன ஆனார்கள் என்று தேடிப் போனார்கள். குற்றத்தை விட்டவர்களில் பலர், "இன்று முதல் திருந்திவிட்டேன்" என்று சபதம் எடுத்தவர்கள் இல்லை. நிலையான வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பட்டாளத்துக்குப் போனார்கள். காலையில் எழுந்து போக ஓர் இடமும், போகாவிட்டால் ஏன் என்று கேட்க ஓர் ஆளும் இருந்ததால், பழைய கூட்டத்தோடு சுற்ற நேரமில்லாமல் போயிற்று. ஏதோ ஒரு நாள் திரும்பிப் பார்த்தால், விட்டு வருஷக்கணக்காகியிருக்கிறது.

உங்கள் பட்டறை அந்தக் கேள்வி கேட்கிற இடமாக இருக்க முடியும். நீங்கள் கொடுக்கப்போவது சம்பளம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்னொரு பட்டறையில் கிடைக்கும் என்றும் அவரை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே மாதிரிப் படிப்பும் பேச்சும் உள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார்கள்; சிலரை மட்டும், ஜெயிலுக்குப் போய் வந்தேன் என்று சொல்லச் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பையன்களில் வழக்கு இல்லாதவர்களில் 34 சதவீதம் பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஜெயில் என்று சொன்னவர்களில் 17. பாதிக்குப் பாதி. கறுப்பினப் பையன்களில் வழக்கே இல்லாதவர்களையும் 14 சதவீதம்தான் கூப்பிட்டார்கள். ஜெயில் என்றால் 5. நம் ஊரில் அந்த இடத்தில் சாதியை வைத்துப் பாருங்கள்.

சாதி என்றதும் கேட்கிறேன், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறந்துபோனவர் எந்தத் தெரு, எந்தச் சமூகம்? அவர் வீடு எங்கே இருக்கிறது? இது நாசூக்கான விஷயம் என்று விட்டிருப்பீர்கள். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் அந்தத் தம்பியைப் பழைய வீட்டுக்கே கூட்டிவந்துவிடாதீர்கள். சிறைக்குள்ளேயே சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும் பிளாக் பிரிப்பதும் செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், வெளியே நிலைமை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வீடும் ஒரே தெரு என்றால், முதல் சில மாதம் வேறு பகுதியில் ஒரு ரூம் பார்த்துக் கொடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நீங்களே நேரில் போய், இவர் என்னிடம் வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏரியாவில் எது நடந்தாலும் ராத்திரி வந்து கதவைத் தட்டுவார்கள், மறுநாள் ஷிப்டு போய்விடும்.

இறந்தவர் வீட்டாரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன்: அவர் சம்பாதித்துப் போட்ட மனைவியோ அம்மாவோ இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு கேட்க வழி உண்டு. அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா, கிடைத்ததா என்று உங்கள் சங்கத்தில் ஒருவர் விசாரிக்கலாம். அந்தத் தம்பி போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அது அந்தக் குடும்பம் விரும்பினால், விரும்பும்போது நடக்க வேண்டியது. நம் திருப்திக்காக அவர்கள் வாசலில் போய் நிற்கக் கூடாது.

வீட்டம்மாவிடமும் தொழிலாளர்களிடமும் பேசுவது எப்படி? தண்டனை முடித்தவரைத் தனியார் பட்டறையில் வேலைக்கு வைப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை, அதை முதலில் சொல்லுங்கள். அவர் வருவதற்கு முன்பே பேசுங்கள். வந்து நின்றபிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள். என்ன வழக்கு என்பதை மறைக்காதீர்கள், எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு சொல்லலாம் என்று அந்தத் தம்பியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நின்றுகொள்கிறோம் என்று சொன்ன இருவரில் மூத்தவர் யார்? அவரிடமே பையனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பல இடங்களில் எதிர்ப்புக் கரைந்தது இப்படித்தான். கரையாத இடமும் உண்டு. ஒரு அச்சகத்தில் நான் சேர்த்துவிட்ட ஒருவர் மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டார்.

வேலையில் எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு ஆய்வு உதவும். அமெரிக்கக் கால் சென்டர்களில் வேலை பார்த்தவர்களை வைத்துச் செய்தது. வழக்குப் பின்னணி உள்ளவர்கள் மற்றவர்களைவிட வேலையில் அதிக நாள் தங்கினார்கள். இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் விற்பனைப் பிரிவில் மட்டும் அவர்களில் ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள் சற்று அதிகம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் அப்படி இல்லை. ஆக, ஆரம்பத்தில் வசூலுக்கு அனுப்பாதீர்கள், கல்லாப் பக்கம் வைக்காதீர்கள். நம்பிக்கை இல்லாததால் இல்லை. ஏதாவது நூறு ரூபாய் குறைந்தால் முதல் பார்வை அவர் மேல்தான் விழும், அந்தச் சங்கடத்தை இழுத்துவிட வேண்டாம். ஹெல்ப்பராக ஆரம்பித்து, கை வந்ததும் மிஷினில் நிறுத்துங்கள். உள்ளே ஏதாவது தொழில் கற்றிருந்தால் இன்னும் நல்லது. சிறைக் கல்வியைப் பற்றிய ஆய்வுகளை அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2013-இல் தொகுத்துப் பார்த்தபோது, உள்ளே படித்தவர்கள் திரும்ப உள்ளே வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் ஊரில் நஞ்சப்பா சாலையில் சிறைக்குப் பக்கத்தில் கைதிகளே பெட்ரோல் போடும் பங்க் இருக்கிறதே, அங்கே ஒரு தடவை வண்டியை விட்டு, சில்லறை எண்ணிக் கொடுக்கும் கைகளைக் கவனித்துவிட்டு வாருங்கள். வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். என் பேச்சைவிட அது உதவும்.

குடி இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. போதையில்தான் அன்றைக்குக் கை ஓங்கியது. லேத்தில் போதையோடு நின்றால் விரல் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்பது எட்டுப் பேருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும், அவருக்கு மட்டும் தனியாகப் போடாதீர்கள். சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்கிற பழக்கம் என்றால் அதை யோசியுங்கள். ஏழு வருஷம் குடிக்காத உடம்பு, கையில் மொத்தமாக வாரச் சம்பளம், மறுநாள் லீவு. முதல் மாதம் மட்டும் அன்றாடம் வாங்கிக்கொள்கிறாயா, வங்கியில் போடட்டுமா, அம்மா கையில் கொடுக்கட்டுமா என்று அவரையே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்து அம்மா கையில் கொடுத்தால், முப்பத்தொரு வயது ஆளைச் சின்னப் பையனாக்கிய மாதிரி ஆகும்.

இப்போது முதல் பதினைந்து நாள். என் பதினெட்டு வருஷ அனுபவத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறந்துபோகும் ஆபத்து, அதே வயதுள்ள மற்றவர்களைவிட 12.7 மடங்கு. பெரும்பாலும் போதைமருந்து. நம் ஊரில் அந்த மருந்தின் பிடி அவ்வளவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த இரண்டு வாரம் இங்கேயும் இருக்கிறது.

ஒருவரை வாசலில் போய்க் கூட்டிவந்தது நினைவிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தவர். கையில் துணிப்பை. ரோட்டைக் கடக்க முடியாமல் என் சகப்பணியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிகள் அவ்வளவு வேகமாகப் போகும் என்பதே மறந்துபோயிருந்தது. டீக்கடையில் எல்லாரும் போனை நீட்டிவிட்டுப் போவதைப் பார்த்து, "யாரும் காசு குடுக்கல, கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரே" என்றார். வீட்டுக்குப் போனதும் கழிவறைக் கதவு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். என்னவென்று கேட்டால், யாராவது திறந்துவிடக் காத்திருக்கிறார். உள்ளே இருக்கிறவரை எந்தக் கதவையும் தானாகத் திறந்ததில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஒரு பதட்டம் வரும், அது லாக்கப் நேரம். ராத்திரி விளக்கை அணைத்தால் தூக்கம் வராது, ஏனென்றால் உள்ளே விளக்கை அணைப்பதே இல்லை. இதெல்லாம் பைத்தியம் இல்லை, சில வாரத்தில் சரியாகும் என்று உங்கள் பட்டறைக்கு வரும் தம்பியின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தூக்கமே இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். காசநோய் மாதிரி ஏதாவது மாத்திரை உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், சீட்டை வாங்கிக்கொண்டு வந்து மறுநாளே அரசு மருத்துவமனையில் தொடரச் செய்யுங்கள்.

அப்புறம் காகிதங்கள். ஏழு வருஷத்துக்கு முந்தைய போன் நம்பர் இந்நேரம் வேறு யாருக்கோ போயிருக்கும். ஆதாரில் அந்த நம்பர்தான் இருக்கும். ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். இரண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். அதைத் திறக்க ஆதார் கேட்பார்கள், ஆதாருக்கு போன் கேட்பார்கள், சிம் வாங்கப் போனால் அங்கேயும் ஆதார் கேட்பார்கள். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலாவதியான டிரைவிங் லைசென்ஸுக்கு மறுபடி டெஸ்ட். கைரேகை வைத்துச் சரிசெய்யக்கூடிய விஷயங்கள்தான், ஆனால் கூட ஒரு ஆள் போகாவிட்டால் மூன்றாவது கவுண்டரில் அவர் எழுந்து வந்துவிடுவார். எத்தனையோ பேர் அந்த மூன்றாவது கவுண்டரிலிருந்து நேராகப் பழைய சிநேகிதனிடம் போனதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர்ச் சிறையில்தான் வ.உ.சி. செக்கிழுத்தார். அவர் அரசியல் கைதி. ஒப்பிடுவது சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, கப்பல் விட்ட அந்த மனுஷனை வரவேற்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வக்கீல் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், கஷ்டப்பட்டார். பின்னால் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி முயன்று அந்த உரிமத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். நன்றிக்காகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தண்டனை முடிந்த மனிதனுக்கு ஒரு காகிதம் என்ன பெறும் என்பது அந்தப் பெயரில் இருக்கிறது.

சங்கத்தின் இரண்டு லட்சம்? என் யோசனை, அதைப் பேச்சாளருக்குக் கொடுக்காமல் பஸ் காசுக்குக் கொடுங்கள். தொலைவிலிருந்து மனுவுக்கு வர முடியாத அம்மாக்களுக்கு, மனைவிகளுக்கு மாதம் ஒரு தடவை போக்குவரத்துச் செலவு. யாருக்குக் கொடுப்பது என்று சிறை நல அலுவலரிடம் கேட்டால் பட்டியலே தருவார்.

அதோடு, வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகளையும் நினையுங்கள். மறுவாழ்வு என்றால் எல்லாரும் தண்டனைக் கைதியைத்தான் நினைக்கிறார்கள். 2022 கடைசியில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு. இவர்களுக்கு உள்ளே தொழில் பயிற்சி பெரிதாகக் கிடையாது, எப்போது வெளியே வருவோம் என்றும் தெரியாது. ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல், ஜாமீன் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. அதற்கு மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஆரம்ப அறிவிப்பின்படி ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரை, மாவட்ட ஆட்சியர் குழு வழியாக. பணம் அரசுடையது, ஆனால் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைய ஆள் வேண்டும். உங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கிராம நிர்வாக அலுவலர் யாராவது இருப்பார்களே, அவர்களுக்கு ஏற்ற வேலை.

உங்கள் தம்பிக்கே நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன வட்டம் அமைக்கலாம். 1994-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு பாதிரியார் இப்படித்தான் ஆரம்பித்தார், அதுவும் ஊரே வெறுத்த ஒரு மனிதருக்கு. முதல் கொஞ்ச நாள் தினம் ஒருவர் பேசுவது, அப்புறம் வாரம் ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து டீ சாப்பிடுவது. பின்னால் பல நாடுகளுக்குப் பரவியது. உபதேசம் பண்ணுகிறவரை அதில் சேர்க்க வேண்டாம். காகிதம் தெரிந்த ஒருவர், பட்டறையில் ஒருவர், ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுக்கிற ஒருவர், முடிந்தால் தானே உள்ளே இருந்து வந்து நிலைத்துவிட்ட ஒருவர். சொந்தத் தொழிலுக்குப் போகிறவர்களுக்குச் சிறைத்துறையோடு சேர்ந்த விடுதலையான கைதிகள் உதவிச் சங்கமும் கை கொடுக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்வேன். சங்கம் யாருக்கு என்ன செய்தது, ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார், ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து எங்கே. சொல்லாமல் போனவரையும் எழுத வேண்டும். மேடையேற்றி மாலை போட்ட ஒருவரை மட்டும் எழுதினால் அது ஆராய்ச்சி இல்லை, விளம்பரம். சிங்கப்பூரில் விடுதலையானவர்களில் இரண்டு வருஷத்துக்குள் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். 1990-களின் கடைசியில் அது 40 சதவீதத்துக்கு மேல். இப்போது 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2004-இல் அவர்கள் ஆரம்பித்த மஞ்சள் நாடா இயக்கத்தில், வேலை கொடுக்க முன்வந்த முதலாளிகளையும் ஊர்க்காரர்களையும் சேர்த்தது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அது மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பொருளாதாரம், போலீஸ், போதைச் சட்டம் எல்லாம் அங்கே வேறு. ஆனால் எண்ணினார்கள், மறைக்காமல் வெளியிட்டார்கள். எட்டுப் பேர் பட்டறையில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று நீங்கள் எழுதி வைப்பதில்லையா, அது மாதிரிதான்.

விடுதலைத் தேதி ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். முதல் நாளே சிறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் போங்கள். ஆர்ப்பாட்டம் வேண்டாம், சங்க பேனர் வேண்டவே வேண்டாம். ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போங்கள். செருப்பு அளவை அம்மாவிடம் கேட்காதீர்கள், அவருக்குப் பழைய அளவுதான் நினைவிருக்கும். அடுத்த மனுவில் மகனிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.